ஒரே பிழைக்கு இரண்டு திருத்தம்

அத்தியாயம் பதினேழு

"காபி கசக்குது" என்றார் அத்தை.

"காபின்னா கசக்கத்தான் செய்யும் அத்தை."

"காபி எப்படி இருக்கும்னு நீ எனக்குப் பாடம் எடுக்காத. இந்த வீட்டுல இப்பல்லாம் எதை வாயில வெச்சாலும் கசக்குது. நேத்து ஜூஸும் கசந்துச்சு. எனக்கு நாக்கு செத்துப் போச்சா, இல்ல உங்களுக்குக் கை செத்துப் போச்சா?"

அந்த வீட்டு மருமகளான அண்ணி கரண்டியைக் கழுவப் போனாள். கசப்புக்குக் காரணம் நாக்கும் இல்லை, கையும் இல்லை, ரத்த அழுத்த மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அத்தை விழுங்குவது போல நடித்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பூந்தொட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அண்ணி தன் கைப்பையில் தனியாக ஒரு மாத்திரை அட்டை வைத்திருக்கிறாள். காலையில் ஒன்றைப் பொடித்துக் காபியில் கலந்துவிடுவாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது அத்தை காதுக்குப் போகாமல் இருக்காது. அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் வீட்டுப் போனை மூன்றாவது மணி அடிக்க விட்டதில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை.

"தலை வேற கிறுகிறுங்குது" என்றார் அத்தை. "உங்கள்ல யாராவது ஒருத்தர் இன்னிக்கு வீட்டுல இருங்களேன்."

அத்தை எதையும் கெஞ்சிக் கேட்கிறவர் அல்ல. அண்ணிக்கு அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் மனம் அப்போதே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது.

"இன்னிக்கு மட்டும் முடியாது அத்தை. சாயங்காலம் சீக்கிரம் வந்துடறோம். ஏதாவதுன்னா போன் பண்ணுங்க."

மாடியிலிருந்து சின்னவள் இறங்கி வந்தாள். சின்னவள் என்றால் அத்தையின் மகள், அண்ணியின் நாத்தனார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவள் அண்ணியைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்தாள்.

"நீங்க அண்ணாகூட கிளம்புங்க. நான் அம்மாவுக்கு ஜூஸ் போட்டுக் குடுத்துட்டு ஸ்கூட்டர்ல வரேன்."

நேற்று என்ன நடந்தது என்று முந்தைய வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இவர்கள் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு டோகாமாக் இருக்கிறது. உள்ளே காலியாக இருக்கும் பிரம்மாண்டமான இரும்பு வளையம். அதற்குள் ஹைட்ரஜனை அடைத்து, சூரியனின் நடுவயிற்றைவிட அதிகமாகச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் வாயு பிளாஸ்மா ஆகிவிடும். அதைத் தாங்கும் பாத்திரம் உலகத்தில் கிடையாது. அதனால் சுவரில் படாமல் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து வைப்பார்கள். காரணமில்லாமல் கோபித்துக்கொள்வதாலும், ஒவ்வொன்றுக்கும் அவர் சௌகரியத்தைக் கேட்க வேண்டியிருப்பதாலும், அந்த மிஷினுக்கு அங்கே 'மாமனார்' என்று பெயர்.

அந்தப் பிளாஸ்மாவை மேலும் கீழுமாக இழுத்து நீட்டினால் சூடு நன்றாக நிற்கும். ஆனால் நீட்டிய பிளாஸ்மா ஓர் இடத்தில் நிற்காது. வளையத்தின் கூரைக்கு ஓடும், இல்லாவிட்டால் தரைக்கு ஓடும். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துச் சொல்லும் கம்பிச்சுருள்கள், அதாவது காயில்கள், சின்னவள் பொறுப்பு. அந்தச் சேதியைக் கேட்டு, கண் சிமிட்டும் நேரத்தில் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும் புரோகிராம் அண்ணி பொறுப்பு. இருவருக்கும் மேலே மிஷினுக்குத் தலைவராக இருப்பவர் சீஃப். அண்ணிக்குக் கணவர், சின்னவளுக்கு அண்ணா. எப்படி வந்து மாட்டியிருக்கிறார் பாருங்கள்.

பழுது பார்க்க மிஷினைத் திறந்து, மூடி, நேற்றுத்தான் மறுபடி ஓட்டினார்கள். பிளாஸ்மாவை நீட்டியபோதெல்லாம் அது நேராகக் கூரையில் போய் முட்டியது. புரோகிராம்தான் சரியில்லை என்றாள் சின்னவள். காயில்தான் சரியில்லை என்றாள் அண்ணி. அங்கே தொடங்கிய சண்டை சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்து, ஒருவர் வைத்த குழம்பை மற்றவர் தொடவில்லை.

இன்று மதிப்பீட்டுக் குழு வருகிறது. பிற்பகலில் முழு மின்னோட்டத்தில் ஒரு ஷாட், அதாவது மிஷினின் ஓர் ஓட்டம், காட்ட வேண்டும். அந்த அளவு மின்னோட்டத்தோடு பிளாஸ்மா கூரையில் மோதினால் உட்சுவர் ஓடுகள் உருகும், உள்கூடு முறுக்கிக்கொள்ளும். அப்புறம் மாமனார் நெடுங்காலம் எழுந்திருக்க மாட்டார். ஷாட்டை நடத்தாமல் விட்டாலோ, இந்த அணியைக் கலைத்துவிட்டு மிஷினை வேறு அணியிடம் கொடுக்கப்போவதாகப் பேச்சு. அதோடு இன்னொன்று. சின்னவளின் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கலாமா என்று அடுத்த வாரம் நேர்காணல் நடத்தப்போவதும் இதே குழுதான்.

காரில், ஆராய்ச்சிக்கூட வாசல் தெரிந்த பிறகுதான் சீஃப் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் புரோகிராம்ல தப்பு இல்லன்னு அடிச்சுச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"அவளும் அதையேதான் சொல்றா. ரெண்டு பேரும் சரின்னா அது ஏன் கூரைக்குப் போகுது?"

அண்ணி கதவைத் திறந்து இறங்கினாள்.

கட்டுப்பாட்டு அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருந்த தட்டில் எல்லோரும் போனை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அன்றைய ஷாட்டெல்லாம் முடிந்த பிறகுதான் திரும்ப எடுக்கலாம். முதல் ஷாட்டில் பிளாஸ்மாவை நீட்டாமல் உருண்டையாக வைத்துப் பார்த்தார்கள். சங்கு ஊதியது, விளக்கு சிவப்பானது. திரையில் வளையத்தின் விளிம்பு மட்டும் ரோஜா நிறத்தில் மினுங்கி, அழகாக நின்று, அழகாக அணைந்தது.

"நீட்டுங்க, கொஞ்சமா" என்றார் சீஃப்.

அடுத்த ஷாட்டில் கொஞ்சமாக நீட்டினார்கள். ரோஜா நிறம் மேல்பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததோ இல்லையோ, யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல் மேலே பாய்ந்தது. கூரையோரம் வெள்ளையாக ஒரு பளிச். காலுக்கடியில் தரை ஒரு தடவை தும் என்றது.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"காயில் மேல போகுதுன்னு ஒழுங்காத்தான் சொல்லுச்சு" என்றாள் சின்னவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்க வேண்டியவங்க கேட்கலைன்னா அது என்ன பண்ணும்?"

"காயில் சொன்னதைத்தான் புரோகிராம் கேட்டுச்சு" என்றாள் அண்ணி.

"இது வீடு இல்ல!" சீஃப் மேசையைத் தட்டினார். அவர் குரலை உயர்த்தி அந்த அறை கேட்டதே இல்லை. "எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்க. குழு வந்ததும் நான் முடிவு சொல்றேன்."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அண்ணி மட்டும் நகரவில்லை. அந்த ஷாட்டின் கோடுகளைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, ஓர் இம்மி விடாமல் பார்த்தாள். பிளாஸ்மா மேலே நகர்கிறது. காயில் 'மேலே' என்கிறது. புரோகிராம் உடனே தள்ளுகிறது, ஆனால் எந்தப் பக்கம்? கீழே தள்ள வேண்டியது மேலேயே தள்ளுகிறது. ஓடுகிறவனைப் பிடிக்காமல் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிறது.

அவள் புரோகிராமைத் திறந்தாள்.

புரோகிராமில், மேல்வரிசைக் காயில் வரும் இடத்தில், ஒரு மைனஸ் குறி இருந்தது. அதைப் போட்டவள் அவள்தான். போன வருஷத் தொடக்கத்தில் மிஷின் ஓடாமல் கிடந்த காலத்தில், மேல்வரிசைக் காயில் தலைகீழாகச் சேதி சொல்கிறது என்று கண்டுபிடித்தாள். இணைப்பை யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வேலைக்குச் சேர்ந்த புதிதில் சின்னவள் தன் கையால் மாட்டியது. அதைச் சரி செய்ய மிஷினைத் திறக்க வேண்டும், ஊருக்கே சொல்ல வேண்டும். அண்ணி சொல்லவில்லை. ஒரு மைனஸ் போட்டாள். தலைகீழ் நேராகிவிட்டது. வருஷம் முழுக்க மாமனார் சமர்த்தாக ஓடினார்.

அப்படியானால் இப்போது தலைகீழாகியிருப்பது அந்த மைனஸ். காயில் இன்று உண்மை சொல்கிறது. அதை யாரோ திருத்தியிருக்கிறார்கள். பழுது பார்த்தபோது அந்தக் குறுகிய வாசல் வழியாக உள்ளே நுழைய முடிந்த ஒல்லியான ஆள் ஒருத்திதான்.

சின்னவள் கேபிள் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போனப்ப மேல்வரிசை கனெக்டரைத் தொட்டியா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"தொட்டியா இல்லையா?"

சின்னவளின் முகம் வெளுத்தது. டப்பாவைக் கீழே வைத்தாள்.

"மாத்தி மாட்டியிருந்துச்சு அண்ணி. நான் மாட்டினதுதான். பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. கழட்டி நேரா மாட்டினேன். யார்கிட்டயும் சொல்லல. ஆனா சரியாத்தானே மாட்டினேன்?"

"சரியாத்தான் மாட்டின. ஆனா அதை நான் ஏற்கெனவே சரி பண்ணிட்டேன். போன வருஷமே. புரோகிராம்ல ஒரு மைனஸ் போட்டு."

சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒரு வருஷமாத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொன்னா என்ன ஆகும்? சீஃபோட தங்கச்சின்னு சேர்த்துக்கிட்டாங்க, ஒரு வயர் மாட்டத் தெரியலன்னு பேசுவாங்க. வேலையே போயிருக்கும். வீட்டுல அத்தை முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சொல்லல." சின்னவளுக்குக் குரல் உடைந்தது. "வேற யார் திட்டினாலும் தாங்கிப்பேன். நீங்க 'பரவால்ல விடு'ன்னு சொல்லுவீங்க பாருங்க, அதை என்னால தாங்க முடியாது அண்ணி."

அண்ணிக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் தன்னை அவ்வளவு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. நேற்றுக் குழம்பைத் தொடாமல் எழுந்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் சின்னவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "மைனஸை எடுத்தாப் போதுமா?"

"போதும். ஆனா எழுந்து நின்னு காரணம் சொல்லணும்."

அதுதான் அந்த இடத்தின் சட்டம். ஷாட் நாளில் புரோகிராமில் ஒரு புள்ளியை மாற்றுவதானாலும், மாற்றுகிறவர் எழுந்து நின்று என்ன மாற்றுகிறேன், ஏன் மாற்றுகிறேன் என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும். சீஃப் சரி என்றால்தான் மாற்றலாம்.

"குழு உக்காந்திருக்கும்" என்றாள் சின்னவள்.

"அதை நான் பார்த்துக்கறேன். நீ வாயைத் திறக்காத."

குழுவின் தலைவி வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் பேசினாலும் பேசுகிறவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத ரகம். அண்ணி எழுந்து நின்றாள்.

"ஒரு மாற்றம். மேல்வரிசைக் காயிலுக்கு முன்னால இருக்கற மைனஸ் குறியை எடுக்கணும். காரணம், அதை நான் தப்பாப் போட்டுட்டேன். என் தவறு."

அவள் உட்காரப் போனாள்.

"நில்லு" என்றார் சீஃப். "போன வருஷம் முழுக்க இதே மைனஸோடதானே நல்லா ஓடுச்சு?"

"ஆமா."

"அப்ப சரியா இருந்த குறி இப்ப எப்படித் தப்பாச்சு?"

பொய் சொல்ல வந்தவள் இந்த ஒரு கேள்வியை யோசிக்காமல் வந்துவிட்டாள். கணவனாக இருந்தால் சமாளித்திருப்பாள். கேட்டது சீஃப்.

"காரணம் புரியாம நான் முழு ஷாட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அவர். "ஷாட் ரத்து. எல்லாரும்..."

"ரத்து பண்ணாத அண்ணா!"

சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை அண்ணா என்று கூப்பிடுவதில்லை என்று அவளாகவே வைத்திருந்த வைராக்கியம் அந்த இடத்தில் போயிற்று.

"கனெக்டரை மாத்தி மாட்டினது நான். அது யாருக்கும் தெரியாம இருக்க அண்ணி மைனஸ் போட்டாங்க. அது எனக்குத் தெரியாது. மிஷினைத் திறந்தப்ப நானும் யாருக்கும் தெரியாம கனெக்டரை நேரா மாட்டிட்டேன். அது அவங்களுக்குத் தெரியாது. ஒரு தப்பை ரெண்டு பேரும் தனித்தனியா திருத்திட்டோம். அதான் மறுபடி தப்பாயிடுச்சு."

குழுத் தலைவியின் கண்கள் சின்னவளின் முகத்தில் நின்றன. சீஃபின் கழுத்து சிவந்திருந்தது. மிஷினை மூடியவுடன் காயிலையும் புரோகிராமையும் சேர்த்து வைத்துச் செய்ய வேண்டிய சோதனையை, 'போன தடவை நல்லாத்தானே ஓடுச்சு' என்று நாள் மிச்சம் பிடிக்கத் தள்ளி வைத்தவர் அவர்தான். அதை அவர் மறக்கவில்லை என்று அண்ணிக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சோதனையைத் தள்ளி வெச்சது என் தப்பு. அதையும் சேர்த்துக்குங்க" என்றார் அவர், குழுவின் பக்கம் திரும்பி. பிறகு அறையைப் பார்த்தார். "வேற யாராவது, யாருக்கும் தெரியாம, எதையாவது சரி பண்ணி வெச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க."

ஒருவரும் அசையவில்லை.

"மைனஸை எடு. முதல்ல பிளாஸ்மா இல்லாம காந்தத்தை மட்டும் போட்டு, ரெண்டும் சேர்ந்து எந்தப் பக்கம் தள்ளுதுன்னு காட்டு."

காட்டினாள். மேலே என்றால் கீழே தள்ளியது. கீழே என்றால் மேலே தள்ளியது.

"முழு மின்னோட்டம்" என்றார் சீஃப்.

சங்கு ஊதியது. பக்கத்தில் ஒரு நாற்காலி உருண்டு வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது. எண்ணிக்கை இறங்கியது. விளக்கு சிவப்பானது.

ரோஜா நிறம் விளிம்பில் பற்றியது. நீண்டது. இன்னும் நீண்டது. ஒரு நொடி மேலே சாய்ந்தது, சின்னவளின் நகம் அண்ணியின் மணிக்கட்டில் பதிந்தது. சாய்ந்தது நின்றது. திரும்பி நடுவுக்கு வந்தது. அப்படியே நின்றது. திட்டமிட்ட நேரம் முழுக்க நின்று, சொன்ன பேச்சைக் கேட்கும் மாமனாராக, அடங்கி அணைந்தது.

கை தட்டல் காதைப் பிளந்தது. யாரோ நாற்காலி மேல் ஏறினார்கள். சின்னவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

குழுத் தலைவி போகிறபோது அவள் அருகில் நின்றார். "அடுத்த வாரம் இன்டர்வியூவுக்கு வா" என்றார். "இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னதை, அங்க வந்து ஆரம்பத்துல இருந்து சொல்லணும்." பாராட்டா, எச்சரிக்கையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடைபாதையில் சீஃப் மறுபடி கணவராகவும் அண்ணாவாகவும் ஆனார். கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் சிரிப்பு அதை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன்டா இந்தக் குடும்பத்துல பொறந்தோம்னு இருக்கு. நல்லது பண்றதையும் ஒளிச்சு ஒளிச்சுத்தான் பண்ணுவீங்களா? வீட்டுலயும் இப்படி ஆளுக்கொரு பக்கம் எதையாவது சரி பண்ணிட்டு இருக்கீங்களா?"

"வீட்டுல என்ன இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே அண்ணி தட்டிலிருந்து தன் போனை எடுத்தாள்.

வீட்டு எண்ணிலிருந்து அழைப்புகள் வந்திருந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் முற்பகலில். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

சின்னவளும் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வந்திருந்தன.

காலையில் அத்தை சொன்னது அண்ணியின் காதில் இப்போதுதான் விழுந்தது. காபி கசக்குது. ஜூஸும் கசந்துச்சு. காபி கசந்தது எதனால் என்று அவளுக்குத் தெரியும். ஜூஸ் ஏன் கசக்க வேண்டும்?

"சின்னவளே" என்றாள். "அத்தைக்கு ஜூஸ்ல என்ன போட்டுக் குடுக்கற?"

சின்னவள் முதலில் அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். "அம்மா மாத்திரையைத் தொட்டியில வீசறாங்க அண்ணி. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு நானே தினமும் ஒண்ணு பொடி பண்ணி..."

அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நான் காபில போடறேன்" என்றாள் அண்ணி.

சீஃப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன? என்ன போடறீங்க?"

யாராவது ஒருத்தர் வீட்டுல இருங்களேன் என்று அத்தை கேட்டது அண்ணிக்கு நினைவு வந்தது. வீட்டு எண்ணை அழுத்தினாள். சின்னவள் அவள் தோளோடு ஒட்டி நின்று காதை வைத்துக் கேட்டாள்.

முதல் மணி அடித்தது. இரண்டாவது மணி அடித்தது. எடுங்க அத்தை, என்று அண்ணி முணுமுணுத்தாள்.

மூன்றாவது மணியும் அடித்தது.